வெள்ளிக்கிழமை பாஸாகும் ஆட்டோக்கள்

வெண்ணந்தூர் தறிக்காரர் வீட்டுப் பெண் கோகிலவாணி. ராசிபுரம், நாமக்கல் பக்கத்துப் புகைப் பரிசோதனை நிலையங்களுக்கு ஸ்கூட்டரில் போய், அங்கே வாயு அளக்கும் மிஷின் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது அவள் பிழைப்பு. அளவு தெரிந்த வாயு அடைத்த சின்னச் சிலிண்டரை மிஷினில் மாட்டுவாள். சிலிண்டரில் எழுதிய எண் திரையிலும் வந்தால் கையெழுத்து, வராவிட்டால் பூட்டு.

"காத்தை மோந்து பாக்கிற வேலைன்னு மாப்பிள்ளை ஊட்டுல எப்படிச் சாமி சொல்றது?" என்று அப்பா மணியன் கேலி செய்வார்.

"பொண்ணுக்கு மூக்கு கொஞ்சம் நீளம்னு சொல்லிருங்க" என்பாள்.

அந்த மூக்குக்கே தண்ணி காட்டியது, ஆட்டையாம்பட்டிச் சாலையில் செங்கோடன் வைத்திருந்த நிலையம். மற்ற நாளெல்லாம் ஒழுங்காக அளக்கும் மிஷின், வெள்ளிக்கிழமை மட்டும் புகை கக்கும் வண்டியையும் யோக்கியன் என்றது. சேதி பரவி, வெள்ளிதோறும் ஓட்டை ஆட்டோக்கள் வரிசை கட்டின. அப்படிப் பாஸான ஒன்று மறுநாளே சாலைச் சோதனையில் மாட்டிக்கொண்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று எச்சரிக்கை வந்துவிட்டது. செங்கோடனுக்குத் தூக்கம் போயிற்று. கோகிலவாணிக்கும்தான், மிஷின் நல்ல மிஷின் என்று இரண்டு முறை கையெழுத்துப் போட்டவள் அவளல்லவா?

அந்த இரண்டு முறையும் வந்தது வார நடுவில். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போதே வந்து நின்றாள்.

செங்கோடன் மிஷினைப் போட்டார். போட்டதும், அன்றைய வண்டிகளை அளக்கும் முன் அது சுற்றியுள்ள காற்றை ஒரு தடவை இழுத்து, இதுதான் சுத்தம், இதுதான் பூஜ்ஜியம் என்று மனதில் வைத்துக்கொள்ளும். சரியாக அந்த நேரத்தில் அவர் மனைவி முத்தாயம்மாள் சாம்பிராணிக் கரண்டியோடு வந்தார். குங்குமம் வைத்த மிஷினுக்கு மூன்று சுற்று. காற்றை இழுக்கும் குழாய் முனைக்கு மட்டும், பாவம் அதுதானே உழைக்கிறது என்று, நிறுத்தி நிதானமாக இன்னும் கொஞ்சம்.

கோகிலவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க்கா, வெள்ளிக்கு வெள்ளி இப்படித்தானுங்களா?"

"ஆமா சாமி. சோறு போடற மிஷினாச்சே!"

"இந்தப் புகையத்தான் அது சுத்தமான காத்துன்னு நெனச்சுக்குதுங்க. அப்பறம் வர்ற வண்டிப் புகையெல்லாம் அதுக்குக் கொறச்சலாத்தானே தெரியும்?"

"அய்யோ, எங்க பொழப்புல நானே மண்ணப் போட்டுட்டனா!" முத்தாயம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழுவாதீங்க. இனிமே அது காத்த இழுத்து முடிச்ச பொறவு, வெளிய நின்னு காட்டுங்க. போதும்."

ஷட்டரை முழுக்கத் தூக்கிப் புகையை விரட்டி, மிஷினை மறுபடி போட்டு, சிலிண்டரை மாட்டினாள். திரையில் எண்கள் ஏறின, கொஞ்சம் தயங்கின, சிலிண்டரில் எழுதியிருந்த எண்ணில் வந்து நின்றன. தான் போட்ட கையெழுத்து பொய்யில்லை என்று நெஞ்சு குளிர்ந்துபோயிற்று அவளுக்கு. மூன்றாவது கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

அன்றைய முதல் ஆட்டோ ஃபெயில். ஓட்டி வந்த பூபதி குதித்தார். "என்னங்ணா இது! வெள்ளிக்கிழமை வந்தா பாஸுன்னு ஊரே சொல்லுது?"

செங்கோடன் வாயைத் திறப்பதற்குள் முத்தாயம்மாள் முந்திக்கொண்டார்.

"போன வெள்ளி வரைக்கும் நான் பாஸ் போட்டேன் சாமி. இன்னைக்கு மிஷின் பாக்குது. போயி கார்பரேட்டரைச் சுத்தம் பண்ணிட்டு வா."

வரிசையில் பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பினார்கள்.