ரெண்டு முழப் பாத்திக்கு ஒரு மிஷின்

"எத்தனை ஏக்கர் சார்?"

கடைக்காரர் கேட்டார். போன மாதம், காரைக்கால் டவுனில் விவசாயக் கருவிகள் விற்கிற ஒரு கடையில். சின்னதாக ஒரு டில்லர் வேண்டும், மண்ணைக் கிளறிவிட, என்று நான் சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி.

ஏக்கரா? கோவில்பத்தில் எங்கள் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே செங்கல் கரை கட்டி, மண் நிரப்பி, முழங்கால் உயரத்துக்கு மேடாக்கிய இரண்டு பாத்திகள். அவ்வளவுதான் எங்கள் பண்ணை. அதைச் சொன்னேன்.

"பாத்தி அகலம் எவ்ளோ சார் வரும்?"

"ரெண்டு முழம்."

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முழக் கணக்குல பூதான் சார் விப்பாங்க" என்றார். பக்கத்தில் ஸ்பிரேயர் வாங்க வந்திருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் விலைப் பட்டியலை வாங்கிக்கொண்டு மரியாதையாக வெளியே வந்துவிட்டேன்.

அந்த முழக் கணக்கு என்னுடையது இல்லை. அம்மாவுடையது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் டில்லர் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும்.

ஸ்டெல்லாவுக்கு – என் மனைவியை இந்தப் பக்கத்தில் அடிக்கடி சந்தித்திருப்பீர்கள், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் – வலது தோள்பட்டை இறுகிவிட்டது. தலை வாரக்கூட கை மேலே போகவில்லை. டாக்டர் மாத்திரையும் பயிற்சியும் கொடுத்துவிட்டு, மண்வெட்டியைத் தொடவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். அதுவோ ஆடி மாதம். பாத்தியைக் கொத்திப் புரட்டி வாடாமல்லி நட வேண்டிய நேரம். பழைய பிளாஸ்டிக் டப்பில் நாற்று வேறு தளதளவென்று முளைத்து நிற்கிறது.

"ஒரு ஆள விட்டுக் கொத்திக்கலாமே" என்றேன்.

"வேணாங்க. நான்தான் செய்யணும்."

"அப்படி என்ன பிடிவாதம்?"

"அத்தைக்கு வைக்கிற பூங்க அது."

அதனால்தான் டில்லர் தேடிக் கடைக்குப் போனேன்.

நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். போய்ச் சேர்ந்தவர்களின் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைப்போம். அன்றைக்குப் பூக்கடைக்காரர்களுக்குத் தலை தூக்க நேரமிருக்காது. எங்கள் வீட்டில் மட்டும் கடைப் பூ நுழைந்ததில்லை. முதலில் அப்பாவுக்கு, பிறகு அம்மாவுக்கு – எல்லாம் அந்த இரண்டு பாத்தியில் விளைந்த வாடாமல்லிதான்.

அந்தப் பாத்திகள் வந்த கதை சுவாரஸ்யமானது.

வீடு கட்டிக் குடிவந்த முதல் வருஷம், ஐப்பசி மழையில் கொல்லை முழுக்கத் தண்ணீர் நின்றது. அம்மா போட்டிருந்த கீரை அழுகி நாறியது. அடுத்த கோடையில், மிச்சமிருந்த செங்கல்லை எல்லாம் பொறுக்கிப் போட்டு மேட்டுப் பாத்தி கட்டுவது என்று முடிவானது. எங்கள் வீட்டில் முடிவுகள் அம்மாவிடம் இருந்துதான் வரும். அவற்றுக்கு எதிர்ப்பு ஸ்டெல்லாவிடம் இருந்து வரும். நான் நடுவில் காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

"நல்லா அகலமா கட்டிடலாம் அத்தை, நிறைய வைக்கலாம்" என்றாள் ஸ்டெல்லா. அப்போது கல்யாணமாகி இரண்டாம் வருஷம்தான். குரலில் இன்னும் கொஞ்சம் பயம் இருந்தது.

"கை எட்டாத எடத்துல களதான் வளரும். நீ அப்படி உக்காரு" என்றார் அம்மா.

இருவரும் எதிரெதிரே மணை போட்டு உட்கார்ந்தார்கள். அம்மா தன் முழங்கையைத் தரையில் ஊன்றிக் கையை நீட்டினார். எதிர்ப்பக்கமிருந்து ஸ்டெல்லாவும் அப்படியே நீட்டினாள். இரண்டு பேரின் விரல் நுனியும் தொட்டுக்கொண்டன. இரண்டு முழங்கைகளுக்கும் வெளியே ஆளுக்கொரு செங்கல்லை வைத்தார்கள். அதுதான் பாத்தியின் அகலம். அம்மாவின் ஒரு முழம், ஸ்டெல்லாவின் ஒரு முழம்.

"என் கை நீளம். அப்ப எனக்குத்தானே வேல ஜாஸ்தி?" என்று ஸ்டெல்லா அன்றைக்கே என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு பல வருஷம் கேட்டாள்.

இரண்டு பேருக்கும் எதில்தான் ஒத்துப்போனது? மீன் குழம்புக்கு எவ்வளவு புளி, ஞாயிற்றுக்கிழமை எந்தப் பூசைக்குப் போவது, பிள்ளைக்கு எண்ணெய் வைத்து வாருவதா ஷாம்பு போடுவதா... எல்லாவற்றுக்கும் வழக்குதான். ஆனாலும் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள். அவரவர் பக்கத்தை அவரவர் கொத்த வேண்டும். நடுக்கோட்டில் ஒரு கோரை முளைத்துவிட்டால் தீர்ந்தது கதை.

"அது உன் பக்கம்."

"வேர் உங்க பக்கம் இருக்கு அத்தை."

நான் ஆபீசில் குப்பை கொட்டிவிட்டு மொபெட்டில் வந்து இறங்குவேன். வண்டிச் சத்தம் கேட்டதும் இரண்டு குரலும் ஒரே நேரத்தில் என்னிடம் முறையிட ஆரம்பிக்கும். அப்போதெல்லாம் வண்டியைத் திருப்பிக்கொண்டு பீச் ரோடு பக்கம் ஓடிவிடலாமா என்று தோன்றும். இன்றைக்கு அந்த இரண்டு குரலையும் ஒருசேர ஒருதரம் கேட்டுவிட மாட்டோமா என்றிருக்கிறது.

அம்மாவுக்கு என்று ஒரு காலண்டர் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுத்திக்கொண்டு எங்கள் பக்கமாகப் போவார்கள் இல்லையா? அந்த முதல் கூட்டம் கண்ணில் படுவதற்குள் வாடாமல்லி வேர் பிடித்துவிட வேண்டும். அப்போதுதான் கல்லறைத் திருநாளுக்குப் பூ கைக்கு வரும். ஒரு வருஷமும் தவறியதில்லை.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "எனக்குக் கடைப் பூ வாங்கி வைக்காத. பாத்தியில ரெண்டு பக்கத்துலேருந்தும் பறிச்சு வை." ஸ்டெல்லா தலையை மட்டும் ஆட்டினாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் வழக்கில்லாமல் முடித்த பேச்சு, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சரி, மிஷினுக்கு வருவோம்.

நான் கடையிலிருந்து அசட்டுச் சிரிப்போடு திரும்பிய விஷயம் ஸ்டெல்லாவின் தம்பி சவரிக்கு எட்டிவிட்டது. சவரி நெரவிப் பக்கம் நெல் சாகுபடி செய்கிறவன். போனில் என்னை ஒரு பிடி பிடித்தான்.

"எதுக்கு அத்தான் புதுசு வாங்கறீங்க? டிராக்டர் போவாத வயல் மூலைக்குன்னு ஒரு சின்ன டில்லர் வச்சிருக்கேன். நாளைக்குக் காலைல கொண்டாரேன். சாயங்காலமே பாத்திக்குத் தண்ணி கட்டி வச்சிடுங்க."

கட்டினேன். எங்கள் ஊரில் உழவு என்றால் முதலில் தண்ணீர்தானே? கடைமடைக்காரர்களுக்கு ஆற்றில் தண்ணீர் வருவதே திருவிழா. வாய்க்காலில் வந்ததும் பாய்ச்சி, வயலை ஊறவைத்து, சேறாக்கி, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். நான் டியூபைப் போட்டு, பாத்தியில் தண்ணீர் தளும்பும்வரை விட்டேன். ஸ்டெல்லா பிசியோதெரபிக்குப் போயிருந்தாள்.

சவரி காலையில் மினி வேனில் மிஷினோடு வந்தான். வாஞ்சூர் துறைமுகத்து லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதில் கொஞ்சம் தாமதம். மிஷின் வீட்டோரச் சந்துக்குள் நுழையவில்லை. ஹேண்டிலைக் கழற்றி, நானும் அவனும் தம் கட்டித் தூக்கிப் பாத்தியில் இறக்கினோம். இறக்கியதும் பாதிச் சக்கரம் உள்ளே போய்விட்டது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தான். ஒரு உறுமல். சுவர், ஜன்னல், என் வேட்டி எல்லாம் சேறு. மூலையில் ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது.

"என்னா பதம் பாருங்க அத்தான்" என்று சவரி பெருமையோடு நிமிர்ந்தான். உண்மையிலேயே அருமையான பதம். வெண்ணெய் மாதிரி.

ஸ்டெல்லா வாசற்படியில் நின்று பார்த்தாள். "தம்பி, நான் என்ன நெல்லா நடப் போறேன்?"

அதற்குப் பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. வயல் சேற்றில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும், பயிரும் அதில் நிற்கும். பாத்தி அப்படியா? இரண்டு நாள் வெயிலில் மண் இறுகிப் பாளம் பாளமாக வெடித்தது. ஒரு பாளத்தைப் பெயர்த்து எடுத்தால் கரைக்குச் செங்கல்லாகவே வைக்கலாம். டப்பில் நாற்று வளர்ந்துகொண்டே போனது. இன்னும் தள்ளிப்போட்டால் முற்றிவிடும், நட்டும் பிரயோஜனமில்லை. ஸ்டெல்லா காலையில் எழுந்ததும் முதலில் அந்த டப்பைத்தான் போய்ப் பார்ப்பாள்.

சவரி குற்ற உணர்ச்சியோடு மறுபடி வந்தான். வரும்போதே யோசனையோடு வந்தான்.

"பாத்தி சின்னது அக்கா, அதான் மிஷின் திரும்பல. ரெண்டு பாத்திக்கும் நடுவுல இருக்கற சந்த மூடி ஒண்ணாக்கிடுவோம். உள்கரைய எடுத்துட்டா தாராளமா ஓடும். வருஷா வருஷம் நானே வந்து ஓட்டித் தந்துடறேன்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஸ்டெல்லாவுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். பாத்தி குறுகல், பாத்தி குறுகல் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தானே?

அவள் எழுந்து போய்க் கரைமேல் உட்கார்ந்தாள். நல்ல கையால் ஒரு செங்கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"இது அத்தை அளந்தது. ஒரு கல்லுல கை வைக்கக் கூடாது."

"நீதானே அப்ப வேணாம்னு சண்ட போட்ட?" என்றேன்.

"அது எனக்கும் அத்தைக்கும் உள்ள சண்ட. உங்களுக்கென்ன அதுல?"

சவரி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். ஸ்டெல்லா அழுகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கண் கலங்கியிருந்தது. பாத்தி கலைந்தால் அம்மாவோடு உட்கார்ந்த அந்தச் சாயங்காலங்களும் போய்விடும் என்று அவள் பயந்தாள். எனக்குத்தான் அது அவ்வளவு தாமதமாகப் புரிந்தது.

மறுநாள் அவளே கடைக்கு வந்தாள்.

கடைக்காரர் ஹெச்.பி.யில் ஆரம்பித்தார். ஸ்டெல்லா காதில் வாங்கவில்லை. தரையில் வரிசையாக இருந்த மிஷின்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஒவ்வொரு மிஷினின் கத்திகளுக்கு முன்னாலும் இடது கையை விரித்து வைத்துப் பார்த்தாள். பெட்ரோல் மிஷின்களைக் கயிற்றைப் பார்த்ததும் ஒதுக்கினாள். அந்தத் தோளை வைத்துக்கொண்டு எங்கே கயிறு இழுப்பது? கடைசியில், பேட்டரியில் ஓடுகிற ஒரு குட்டி. பட்டனை அழுத்தினால் ஓடும். கத்தி வரிசை சரியாக ஒரு சாண்.

"முழத்துக்கு ரெண்டு சாண். போக ஒண்ணு, வர ஒண்ணு. சரியா வரும்" என்றாள். பிறகு அதை இடது கையால் மட்டும் தூக்கினாள். தூக்க முடிந்தது.

"நம்மூர் களிமண்ணுக்கு இது தாங்காதும்மா. மாடித் தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போறது" என்றார் கடைக்காரர், அக்கறையோடுதான்.

"மண்ண எளக்கி வைக்கறது எங்க வேலங்க. நீங்க பில்லைப் போடுங்க."

இந்த மாதிரி மிஷின் வாங்கப் போகிற வாசகர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்றே ஒன்று சொல்லலாம். வேகம், சக்தி எல்லாம் இருக்கட்டும். ஓட்டப்போகிறவர் தூக்கிப் பார்க்கட்டும்.

மண்ணை இளக்கியது நானும் சவரியும்தான், வேறு யார்? பாளங்களைக் கட்டையால் தட்டி உடைத்தோம். உமிச் சாம்பலும் மக்கிய எருவும் கலந்தோம். தண்ணீரைத் தெளித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடினோம். ஸ்டெல்லா தினமும் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, விரலால் தட்டிப் பார்ப்பாள். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்த அன்றைக்குத்தான் மிஷினை எடுத்தாள்.

பட்டனை அழுத்தினாள். மிக்சி ஓடுகிற சத்தம். பாத்தி முழங்கால் உயரம்தான் என்பதால் அவள் கையை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. முதலில் அம்மா பக்கம். போக ஒரு சாண், வர ஒரு சாண். மண் கறுப்பாகப் புரண்டு வந்தது. முடித்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, சுற்றி நடந்து தன் பக்கம் வந்தாள்.

"அங்க நின்னே ரெண்டு பக்கத்தையும் முடிச்சிருக்கலாமே" என்றேன்.

"அத்தை பக்கத்துல என் பக்கத்துலேருந்து கை வச்சதில்லங்க. அவங்களும் வச்சதில்ல."

நாற்று நட அவளுடைய வலது கை ஒத்துழைக்கவில்லை. ஒரு பக்கம் நடுவதற்குள் களைத்துவிட்டாள். உள்ளே போய் ஒரு மணையை எடுத்து வந்து எதிர்ப்பக்கம் போட்டாள். அம்மாவின் மணை. என்னை உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் நடுவராக இருந்தவனுக்குத் திடீரென்று பதவி உயர்வு. எதிரே ஸ்டெல்லா, தலையில் நரை, மூக்கில் மண். விரலால் குழி, அதில் ஒரு நாற்று, ஒரு அழுத்து.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தோம். காவிச் சேலையில் ஒரு கூட்டம், தோளில் பை, வெறுங்கால், தெற்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. வேளாங்கண்ணிக்கு. ஸ்டெல்லா கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனாள், தோள் ஞாபகம் வந்து சொம்பை எடுத்தாள். நான் குடத்தைத் தூக்கினேன்.

வேர் பிடிப்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். அம்மா இருந்திருந்தால் இதற்கு என்னவெல்லாம் சொல்லியிருப்பார்? ஒரு வாரம் பிந்தினாலும் பூ வந்துவிடும் என்று ஸ்டெல்லா சொன்னாள். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை, அம்மாவுக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

திரும்பி வந்து மிச்சத்தை நட்டோம். என் கை நீளமான கை. யோசிக்காமல் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு நாற்றை ஊன்றிவிட்டேன்.

ஸ்டெல்லா என் கையைத் தட்டிவிட்டாள். நாற்றைப் பிடுங்கி என் பக்கம் வைத்தாள்.

"உங்களோட மல்லுக்கட்றதுக்கு அத்தையே தேவலாம்."

இதைக் காதால் கேட்க அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. பரவாயில்லை... நவம்பரில் பூ வைக்கும்போது நானே சொல்லிவிடுகிறேன்.