வெள்ளிக்கிழமை நிற்காத கேட்

சீதாலெட்சுமிக்கு ‘முடியாது’ என்ற சொல் பிடிக்காது, பிறர் சொன்னால். அவள் சொல்வதென்றால் தாராளமாகச் சொல்வாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள், கோயில் கமிட்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். கிள்ளானில் லோரி ஓட்டும் தம்புசாமியின் மகள். கணினி படிக்கப் போகிறேன் என்றபோது, “பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் வேலை போதாதா?” என்று கேட்ட சொந்தக்காரர்களுக்குப் பதிலே சொல்லாமல் பஸ் ஏறிப் போனவள்.

தொண்ணூற்றொன்பதில் சுபாங் ஜெயாவில் இருந்த எங்கள் மென்பொருள் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு அடுத்த மேசை. நான் பிரிக்ஃபீல்ட்ஸ்காரி, சிவமலர். சண்டையைத் தூரத்தில் நின்று பார்ப்பதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு அந்த நல்ல பழக்கம் கெட்டது.

கிள்ளான் துறைமுகம் பக்கம் ஒரு கொண்டெய்னர் கிடங்குக்கு நாங்கள் ஜாவாவில் நிரல் எழுதிக் கொடுத்திருந்தோம். லோரிக்கு கேட் பாஸ் அடித்துத் தானாகவே கேட்டைத் திறப்பது, கிடக்கும் சரக்குக்கு வாடகை போடுவது, சுங்கத்துக்குத் தாள் அடிப்பது எல்லாம் ஒரே சர்வரில் ஓடின. எதைத் திருத்தினாலும் சர்வரை நிறுத்திவிட்டு, மொத்த நிரலையும் மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு எங்கள் மேலாளர் கனகசபை ஒரு நேரம் பார்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜுமா தொழுகை நேரம். கிடங்கு அதிகாரிகள் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள், கவுண்டர் காலியாக இருக்கும். “அவங்க தொழுகைக்கு மரியாதை கொடுத்த மாதிரியும் ஆச்சு, நம்ம வேலையும் ஆச்சு” என்பார் பெருமையாக. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை தம்புசாமி வேர்வையும் கோபமுமாக வீட்டுக்கு வந்தார்.

“எந்த சனியன் வெள்ளிக்கிழமை பாத்து அந்த கம்ப்யூட்டர நிறுத்துதோ தெரியல. கேட்டே தொறக்க மாட்டேங்குது. என் கூட லோரி ஓட்டுற பாக் யூசோப் பாவம்லா, தொழுவுறதுக்குப் போடுற சொங்கோக் தொப்பிய மடியில வச்சுக்கிட்டு லோரியிலயே உக்காந்திருக்காரு. முன்னாலயும் லோரி, பின்னாலயும் லோரி. வண்டிய நடுவுல விட்டுட்டு எப்படி தொழுவப் போவாரு?”

சீதா அவர் கையில் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்தச் சனியன் அவள்தான். மேலாளர் சொல்ல, சர்வரை நிறுத்திய விரல் அவளுடையது.

திங்கட்கிழமை வந்து என்னிடம் சொன்னபோது அவள் முகம் சிவந்திருந்தது. “தொழுகைக்கு மரியாதைன்னு சொல்லிக்கிட்டு தொழுவப் போறவரையே கட்டிப் போட்டிருக்கோம் மலர். இனிமே அந்த கேட் நிக்காது. யாரு சொன்னாலும் நிக்காது.”

அப்போது புதிதாக வந்திருந்த ஜாவா சர்வர்களில் ஒரு வசதி இருந்தது. நிரலைத் தனித்தனிப் பாகங்களாகக் கட்டி வைத்தால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம். சீதா நிரலைப் பிரித்தாள். கேட் ஒரு பாகம், வாடகை ஒரு பாகம், சுங்கம் ஒரு பாகம். கிடங்கு மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை ஏற்றியும் விட்டாள். கனகசபை அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால் வாடகைக் கணக்கில் திருத்தம் வந்ததும் பழைய பாட்டையே பாடினார்.

“வெள்ளிக்கிழமை நிறுத்திட்டுப் போட்டுடு.”

“நிறுத்த வேணாம் பாஸ். வாடகைய மட்டும் மாத்திக்கலாம்.”

“புக்குல ஆயிரம் எழுதியிருப்பான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா.”

“டிப்பன் கேரியர்ல ரசம் புளிச்சுப் போச்சுன்னா ரசத்த மட்டும்தானே மாத்துவீங்க? சோத்தையும் சேத்தா கொட்டுவீங்க?”

நான் சிரித்துவிட்டேன். கனகசபை சிரிக்கவில்லை. “கேட் நின்னுச்சுன்னா உனக்கு இங்க வேலை இல்ல” என்றார்.

“சரி பாஸ். நிக்கலன்னா, இனிமே எந்த வெள்ளிக்கிழமையும் அத நிறுத்தக் கூடாது. ஓகேவா?”

அவர் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூவரும் கிடங்கு சர்வர் அறையில் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி வழியே கேட் தெரிந்தது. அதிகாரிகள் தொழுகைக்குக் கிளம்பிப் போனார்கள். சீதா பழைய வாடகைப் பாகத்தை எடுத்தாள், புதியதைப் போட்டாள். திரை முழுக்க பிழைச் செய்தி ஓடியது. சர்வர் அதை ஏற்க மறுத்துவிட்டது.

“நான்தான் அப்பவே சொன்னேன்ல” என்று கனகசபை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “நிறுத்து எல்லாத்தையும். பழசையே ஏத்து.”

சீதா எழுந்து நின்று கீபோர்டை மறைத்துக்கொண்டாள். அப்படி ஒருத்தி மேலாளர் முன்னால் நின்றதை நான் அதுவரை கண்டதில்லை.

“திரும்பி அந்த கேட்ட பாருங்க பாஸ்.”

பார்த்தோம். ஒரு லோரி உள்ளே போனது. அதன் பின்னால் இன்னொன்று. கேட் பாஸ் அச்சாகிக்கொண்டே இருந்தது, தடைக் கம்பம் மேலே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

“கெட்டது வாடகை. அதக் கேக்க கவுண்டர்ல ஆளே இல்ல. கேட்டுக்கு என்ன வந்துச்சு? ஒண்ணு விழுந்தா எல்லாம் விழணும்னு எவன் சொன்னான்?”

அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் தவற விட்டிருந்தாள். அதைத் திருத்தி மறுபடி போட்டாள். இந்த முறை சர்வர் முனகாமல் ஏற்றுக்கொண்டது. கனகசபை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். பாராட்டவில்லை. பாராட்டுக்கு அங்கே யாரும் காத்திருக்கவும் இல்லை. அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் அவர் சர்வரை நிறுத்தச் சொன்னதில்லை.

அன்று மாலை என் கஞ்சில் காரில் அவளைக் கிள்ளானில் இறக்கிவிடப் போனேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். தம்புசாமி நல்ல மூடில் இருந்தார். கேட்டில் நிற்கவே இல்லை, சரக்கை இறக்கிவிட்டு பாக் யூசோப் சொங்கோக்கை மாட்டிக்கொண்டு நேரத்தோடு பள்ளிவாசலுக்குப் போனார் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

“இன்னைக்கு அந்த சனியன் லீவு போலருக்கு” என்றார்.

சீதா அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

“லீவு இல்லப்பா. இன்னைக்குத்தான் ஒழுங்கா வேலை செஞ்சுச்சு.”