பிரேக் அக்காவின் மாணவர்

எங்கள் தெருவில் கார் ஓட்டத் தெரிந்த அத்தனை பேரும் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள்தான். நானும் வாங்கியிருக்கிறேன். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? பிரேக்! பிரேக்கப் போடு!" என்று அவள் போடும் சத்தம் வண்டிக்கு முன்னால் போகும், வண்டி பின்னால் வரும். அந்தச் சத்தத்தால் வந்த பெயர்தான் அது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால் நாங்களே முழிப்போம்.

நான் முடிவெட்டுகிறவன். தெரு வளைகிற இடத்தில் என் கடை. எதிரே அக்காவின் டிரைவிங் ஸ்கூல்: ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் போக்குவரத்துச் சின்னங்கள், வாசலில் பழைய வெள்ளைக் கார். மாடியில் அக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள். அக்காவுக்கு ஒரு புருஷன் இருந்தான். அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். லைசென்ஸ் கிடைத்த கையோடு அவளுடைய முதல் காரை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. "நல்லாத்தான் கத்துக்கிட்டான், எங்கயும் முட்டல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அவனைப்போல மீசை வைத்தவர்கள் யார் வந்தாலும் அவர்களுக்கு இரண்டு மடங்கு திட்டு விழும்.

அவளிடம் மறதி என்பதே கிடையாது. ஸ்கூல் தொடங்கிய புதிதில் பெட்ரோல் பங்க் முதலாளி ஒருவர், "பொம்பளகிட்டக் கத்துக்கிட்டா ரிவர்ஸ்லதான் போவீங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் ரிவர்ஸ் பாடம் அந்த பங்க்கின் வாசலில்தான் நடந்தது. வண்டி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. பின்னால் பெட்ரோல் போட வந்தவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து வேறு பங்க்குக்குப் போனார்கள். கடைசியில் முதலாளியே வந்து கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் பாடம் வேறு தெருவுக்கு மாறியது. அவளைப் பகைத்துக்கொண்டவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. எனக்கு அது பிடிக்கும்.

தங்கை வேறு மாதிரி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஊசி குத்தினதே தெரியாது என்று ஊரே சொல்லும். ஒருநாள் வேலை முடிந்து, இரண்டு கையிலும் சாமான் பையோடு சுவரை ஒட்டி நடந்து வந்தவளை, வளைவில் இருக்கும் கிடங்கிலிருந்து பின்னால் வந்த லாரி சுவரோடு வைத்து நசுக்கியது. உயிர் தப்பியது. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அன்று என் கடைக்கு வார விடுமுறை. தெருவில் வேறு ஆளில்லை.

கிடங்கின் மேனேஜர் போலீசிடம் ஒரே வரி சொன்னார்: "போனைப் பார்த்துக்கிட்டே வந்தாங்க, அவங்களா வந்து விழுந்துட்டாங்க." அவருடைய காவலாளியும் அதையே ஒப்பித்தார். தங்கையின் போன் அப்போது மாடியில் சார்ஜில் கிடந்தது. அதை அக்கா சொன்னாள், தங்கை சொன்னாள், யார் காதிலும் ஏறவில்லை. விசாரணை அத்தோடு முடிந்தது.

கால் போனதைவிட அந்த ஒரு வரிதான் தங்கையை அரித்தது. பார்க்க வந்தவர்கள்கூட ஆறுதல் சொல்கிற சாக்கில், "கொஞ்சம் பாத்து வந்திருக்கலாமேம்மா" என்று விட்டுப் போனார்கள். அவர்கள் படியிறங்கும்போது அக்கா பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டதாகவே தோன்றும். ஒருநாள் என் கடை வாசலில் நின்று சொன்னாள்: "அந்த ஆள் வாயாலயே சொல்ல வைக்கணும் தம்பி. அவ மேல தப்பில்லன்னு. நாலு பேர் முன்னாடி." அதைச் சொன்னபோது அவள் கத்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

அதன் பிறகுதான் புதுக் கிடங்கு பற்றிய பேச்சு வந்தது. பழைய கிடங்குக்குப் பின்னால் கிடந்த நிலம் முழுவதையும் வளைத்து, பழையதைப்போலப் பத்து கிடங்குகளை உள்ளே வைக்கலாம் என்கிற அளவுக்கு ஒன்றைக் கட்டப் போகிறார்கள். இரவும் பகலும் லாரி. எல்லா லாரியும் பிரதான சாலையைப் பிடிக்க எங்கள் தெரு வழியாகத்தான் போகவேண்டும். ஒரு லாரி வந்தாலே என் கடைக் கண்ணாடி ஆடும், சவரம் செய்கிற கையை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். இனி எத்தனை கன்னத்தைக் கிழிக்கப் போகிறேனோ என்று எனக்கு ஒரு கவலை. பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். மேனேஜர்தான் கம்பெனி சார்பில் பேசினார். இந்த இடைவெளியில் அவருக்குப் பதவியும் தொப்பையும் உயர்ந்திருந்தன. திரையில் படம் காட்டி, தெரு தாராளமாகப் போதும் என்றார். "இத்தன வருஷத்துல ஒரே ஒரு விபத்துதான். அதுவும் அந்தம்மாவோட கவனக்குறைவு" என்றார். தங்கை நடு வரிசையில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை, பார்த்ததெல்லாம் அவருடைய படத்தைத்தான். எல்லோரும் திரும்பி, பின்னால் நின்றிருந்த அக்காவைப் பார்த்தோம். கூரை பறக்கும் என்று நினைத்தோம். அக்கா வாயைத் திறக்காமல் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சாலைத்துறை அதிகாரி, தானே ஒருநாள் வந்து தெருவைப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

அடுத்து நடந்ததை நான் என் கடைக் கண்ணாடியில்தான் முதலில் பார்த்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில், தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் டிரைவிங் ஸ்கூலுக்குள் போனார். மேனேஜர்! லாரிகளைப் பற்றி அவ்வளவு பேசியவருக்கு ஒரு சின்னக் கார்கூட ஓட்டத் தெரியாது. பதவி உயர்வுக்குக் கம்பெனி கார் கொடுத்துவிட்டு டிரைவரைக் கொடுக்கவில்லையாம். வீட்டில் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். அக்கா யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் காலையும் பேரையும் கெடுத்துவிட்டு, அவளுக்கு அக்கா உண்டா தங்கை உண்டா என்றுகூடத் தெரிந்துகொள்ளாத மனுஷன்!

அக்கா அவரைச் சேர்த்துக்கொண்டாள்.

தெருவே அவளைக் கரித்துக்கொட்டியது. தங்கை இரண்டு நாள் பேசவில்லை. அவர் என் கடைக்கு வந்திருந்தால் ஒரு பக்கக் கிருதாவை ஏற்றி, மறுபக்கத்தை இறக்கி அனுப்பியிருப்பேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். ஆனால் என்னை உறுத்தியது வேறொன்று. அக்கா அவரைத் திட்டவில்லை. ஒரு சத்தம் இல்லை. "அருமை சார்", "அப்படித்தான் சார்", "உங்களுக்குப் பிறவியிலயே வருது சார்" என்று தேனாக ஒழுகினாள். பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏன்கா, எங்கள எல்லாம் அந்த வாங்கு வாங்கினீங்க. அவர மட்டும் ஒரு வார்த்த திட்டல?"

அக்கா கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "திட்டினா கத்துக்குவார்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அவர் மிதித்தால் ஓட்டுகிறவரின் காலடியில் இருப்பதும் சேர்ந்து இறங்கும். எங்களுக்கெல்லாம் முதல் சில நாள் மட்டும் அக்கா மிதிப்பாள், பிறகு காலை எடுத்துக்கொண்டு கத்த ஆரம்பிப்பாள். மேனேஜருக்கு அவள் காலை எடுக்கவே இல்லை. அவர் காலைத் தூக்கி வைப்பதற்குள் இவள் மெல்ல மிதித்துவிடுவாள். பெடல் தானாக இறங்கும், வண்டி பூப்போல நிற்கும். தான்தான் நிறுத்தினோம் என்று அவர் உச்சி குளிர்ந்து போவார். அந்த மனுஷர் ஒருநாள்கூட பிரேக் போட்டதில்லை. அது அவருக்குத் தெரியாது.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. அதற்கு முன்பே மேனேஜர் காதில் அக்கா ஓதிவைத்திருந்தாள். "சார், தெரு குறுகல்னுதான இவங்க கத்தறாங்க? அதிகாரிய உக்கார வச்சு நீங்களே ஓட்டிக் காட்டுங்க. இப்பத்தான் கத்துக்கறவரே இவ்ளோ சுலபமா ஓட்டறார்னா அப்புறம் யாரு வாயத் திறப்பாங்க?" மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. பிரதான சாலைப் பக்கம் நின்ற அதிகாரியைப் பின்சீட்டில் ஏற்றினார். அக்கா வழக்கம்போல அவர் பக்கத்தில் ஏறினாள். கிடங்கிலிருந்து லாரி பின்னால் வருகிற நேரம் அவளுக்கு அத்துப்படி. அவள் போட்ட கணக்கு சின்னக் கணக்கு: லாரியின் பக்கவாட்டில் ஒரு இடி. உயிருக்கு ஒன்றும் ஆகாது, மானம் மட்டும் போகும், தெருவே பார்த்துக்கொண்டிருக்க. தங்கையிடம் எதையும் சொல்லவில்லை. "மேலயே இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அக்காவின் தங்கை சொன்ன பேச்சைக் கேட்பாளா?

நான் ஒருவருக்கு அரைச் சவரத்தில் இருந்தேன். முகத்தில் நுரையோடு அவரும் வாசலுக்கு வந்துவிட்டார். தெருவின் இரண்டு பக்கமும் ஜனம். வெள்ளைக் கார் மிதமான வேகத்தில் வந்தது. மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அக்காவின் முழங்கால்கள் தூக்கிக்கொண்டு தெரிந்தன. இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து சீட்டுக்கடியில் வைத்திருந்தாள், கைகளைக் கட்டியிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. குதிக்கவேண்டும்போல சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

லாரி கீக் கீக் என்று கத்திக்கொண்டு பின்னால் வர ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து லாரியின் மறுபக்கத்திலிருந்து, சுவரை ஒட்டி, ஊன்றுகோலோடு தங்கை வெளிப்பட்டாள். அதிகாரியிடம் நேரில் பேசவேண்டும் என்று பின்வாசல் வழியாக இறங்கி வந்திருக்கிறாள்.

கார் நிற்கவில்லை. மேனேஜரின் கால் வழக்கம்போல எங்கோ போய் உட்கார்ந்திருக்கவேண்டும், பெடல் தானாக இறங்கவில்லை. வாய் பிளந்தது. நான் கத்தினேன். அக்கா பிரேக்கை எட்டி மிதிக்கச் சீட்டிலிருந்து சரிந்து கீழே மறைந்தாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. ஊன்றுகோல் பம்பருக்கடியில் கிடந்தது. தங்கை இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றி நின்றிருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு மேனேஜர்தான் முதலில் இறங்கினார். பின்சீட்டில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த அதிகாரியைப் பார்த்து அலறினார்: "என் மேல தப்பில்ல சார்! லாரி மறைச்சிடுச்சு! அவங்க ஓரமாத்தான் வந்தாங்க, நடக்கறதுக்கு இங்க எடம் எங்க இருக்கு? இந்த எடத்துல யாரு ஓட்டினாலும் இடிப்பாங்க சார்! யாரா இருந்தாலும்!"

அக்கா இறங்கி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார். அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்குக் கேக்கல."

தங்கை பானெட்டிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

"என்னத் தெரியுதா? இதே எடம்தான். அன்னிக்கும் ஓரமாத்தான் வந்தேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்த என் வாடிக்கையாளர்தான் முதலில் கைதட்டினார். அப்புறம் தெருவே தட்டியது. பயத்தில் உளறிவிட்டேன் என்று மேனேஜர் பிறகு எங்கெங்கோ போய்ச் சொல்லிப் பார்த்தார். நெற்றி வீங்கிய அதிகாரியிடம் அது எடுபடவில்லை. எங்கள் தெரு வழியாக ஒரு லாரிகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கம்பெனி வேறு வழி தேடி இன்னும் அலைகிறது. அலையட்டும்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, வளைந்துபோன ஊன்றுகோலை நிமிர்த்திக் கொடுக்க எதிரே போனேன். அக்கா ஜெயித்த முகத்தோடு எனக்கு டீ ஊற்றினாள். "அவன் வாயாலயே சொல்ல வச்சேன் பாத்தியா?" என்றாள். தங்கை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உன் காலு எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும்? பிரேக்லதான்."

"பொய் சொல்லாத. நீ பிரேக் போட்டா வண்டி இப்படி நிக்காது. உன் பக்கத்துல உக்காந்தே வளந்தவ நான்."

அக்கா டீயைக் கீழே வைத்தாள். "நீ வருவேன்னு எனக்கு எப்படிடீ தெரியும்? உன்ன மேலதான இருக்கச் சொன்னேன்?"

"அது தெரியும். அவன எங்கயாவது முட்டவிட்டிருந்தா நானும்தான் கைதட்டியிருப்பேன்." தங்கையின் குரல் உயரவில்லை. "ஆனா வண்டி என்னப் பாத்து வருதுக்கா. உள்ள நீ உக்காந்திருக்க. சிரிச்சுக்கிட்டு இருந்த."

அக்கா குடிக்காத டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் ஊன்றுகோலை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மேனேஜர் வேறு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். லைசென்ஸ் தேர்வில், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தாமல், தேர்வு வைத்தவரின் மேஜை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாராம். மறுபடி போன தேர்விலும் அதே கதை. செய்தி என் கடைக்கு வந்து சேர்ந்ததும் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் உதடு ஓரத்தில் சிரிப்பு கிளம்பியது. சட்டென்று மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். தங்கை அங்கே இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிரித்தாள்.