சுறா எண்ணெய் பூசிய கார்

காரின் மேல்பக்கத்தை மட்டும் கழுவிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். மேல்பக்கம் ஊராருக்கு, அடிப்பக்கம்தான் நமக்கு. எங்கள் வீடு இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில், கடலிலிருந்து நாலு வேலி தள்ளி இருந்தது. அங்கே காற்றிலேயே உப்பு. துணி காயப்போடும் கம்பி ஒரு வருஷம் தாங்காது. அப்படிப்பட்ட இடத்தில் கார் வைத்திருக்கிறவன், வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் காருக்கு அடியில் அடிக்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுகளில் மண் ஒட்டிக் காயவே விடக்கூடாது. நான் மல்லாந்து படுத்து அடிப்பேன். தெருவில் போகிறவர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் இரண்டு கால்களுக்கும் ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஐம்பதுகளில் செய்த இங்கிலீஷ் கார் அது. எழுபத்தெட்டில் அடித்த சூறாவளியில் ஒரு தென்னை அதன் கூரைமேல் விழுந்திருந்தது. உடையவர் அதைக் கோழிக்கூடாக்க யோசித்துக்கொண்டிருந்தபோது நான் போய்க் கேட்டு வாங்கினேன். நான் நெல் மில்லில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவன்; எஞ்சின் எனக்குப் பயமில்லை. கூரையைச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். முழுதாக நிமிரவில்லை. உயரமானவர்கள் பின்சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆசைக்கு வாங்கினேன் என்றால் அது பாதி உண்மை. சூறாவளிக்கு முந்தின வருஷம் என் தங்கச்சிக்கு முதல் பிள்ளைப்பேறு. வாடகைக் காரில் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். களுவாஞ்சிக்குடி தாண்டியதும் கார் கொதித்து நின்றது. மூடியைத் திறந்தால் ஃபேன் பெல்ட் அறுந்து கிடக்கிறது. அதன் ஓரம் நார்நாராகப் பிரிந்திருந்தது. முதல் நாள் யாராவது இரண்டு விரலால் அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேறு வண்டி கிடைக்க ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் காரணமா என்று டொக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இவள் அடுத்த பிள்ளைக்குப் போகும்போது என் கையால் பார்த்த காரில்தான் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மச்சான், அதாவது தங்கச்சியின் புருஷன், அன்றைக்குக் கடலில் இருந்தார். கரைவலைத் தோணிக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்தோடு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே அவர் எங்கள் வளவிலேயே, தங்கச்சிக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தார். நான் கல்யாணம் ஆகாமல் பக்கத்து வீட்டில் இருந்தேன். அவர் அதிகம் கதைக்க மாட்டார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நான் கார் வாங்கிய பிறகு ஒருநாள், தோணிக்குப் பூசி மிஞ்சிய சுறா எண்ணெயை ஒரு தகரப்பேணியில் கொண்டுவந்தார். என் பக்கத்தில் மண்ணில் படுத்து, காரின் அடிப்பக்கம் முழுக்கப் பூசத் தொடங்கினார்.

“மரத்தையே உப்புத் தின்னாமக் காக்குது மச்சான். இரும்பக் காக்காதா?” என்றார். நான் அவருக்கும் மச்சான்தான்.

காத்தது. அதை மறுக்க முடியாது. மற்றவர்களின் கார்களில் அடித்தகடு அப்பளம்போல உதிர்ந்துகொண்டிருந்தபோது என்னுடையது கறுத்து மினுங்கியது. மாதம் ஒருமுறை தோணிக்குப் பூசுகிற அன்றே காருக்கும் பூசுவார். நானும் பெருமையாக நாலு பேருக்குச் சொன்னேன். நாற்றம் மட்டும் தாங்காது. தெருப் பூனைகள் எல்லாம் காருக்கு அடியில்தான் குடியிருந்தன.

“காக்கா, ஒங்கட காருல ஏறினா மீன் ஆணம் ஆக்கத் தேவல்ல. சோத்த மட்டும் கொண்டு ஏறினாச் செரி” என்பாள் தங்கச்சி. அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்.

இனி ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் சில வருஷங்கள், சிறுபோக அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் காலத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம், கார் வைத்திருந்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு வெட்டவெளி வயலில் வரம்புகளைச் சரித்து வளையம் போட்டு ஓடினோம். மூலைக்கு மூலை வைக்கோல் குவியல். மூன்று சுற்று. வெல்கிறவனுக்கு ஒரு கிடாய்.

அதில் வெல்வதற்கு எஞ்சின் பலம் பெரிதில்லை. நான் ஓடுவதற்கு முன் வளையத்தை இரண்டு தரம் நடந்து பார்ப்பேன். எங்கே மண் இளகியிருக்கிறது, எங்கே அறுத்த நெல்தாள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கால்தான் சொல்லும். ஜாக்கியையும் பின்சீட்டையும் கழற்றி இறக்குவேன். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பேன். இளகிய மண்ணில் அகலப் பதிய வேண்டும். பிறகு ஒரே ஒரு விஷயம், அதைத்தான் யாரும் கேட்கமாட்டார்கள்: பிரேக்கை வளைவுக்குள் பிடிக்காதே. கார் நேராக ஓடும்போதே பிடித்து முடித்து, கியரை இறக்கி, பிறகு திரும்பு. வளைவுக்குள் பிடித்தால் காரின் பின்பக்கம் உன்னை முந்திக்கொண்டு போகும். திரும்பும்போது கண் வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். வைக்கோல் குவியலைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறவன் வைக்கோல் குவியலுக்குள்தான் போவான்.

அப்படி ஓடிய ஒரு வருஷம் தங்கச்சிக்கு எட்டு மாதம். பெருநாளன்று வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “நாளைக்கி ஓடுறதெண்டா ஓடுங்க காக்கா. காருக்கு என்னவும் நடந்தா நான் எதுல போற? அத மட்டும் நினைச்சிக்கங்க.”

நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே போய் ஓடினேன். என் புத்தி அப்படி.

இரண்டாம் சுற்றில் நான் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். கிழக்கு மூலைக்கு வருமுன் நேராக வைத்துப் பிரேக்கை மிதித்தேன். ஒரு நொடி பிடித்தது. பிறகு ‘பட்’ என்று ஒரு சத்தம். பெடல் பலகைவரை இறங்கிவிட்டது. திரும்ப மிதித்தேன், ஒன்றுமில்லை. அந்தக் காலத்துக் கார்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் ஓட்டம். ஓரிடத்தில் வெடித்தால் நாலும் போச்சு. மூன்றாம் கியர், இரண்டாம் கியர், கைப்பிரேக். கார் முனகிக்கொண்டு வேகம் குறைந்தது. மிச்ச வேகத்தோடு வைக்கோலுக்குள் போய் நின்றேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓடிவந்த மச்சானின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து ஓட்டத்துக்கு வந்திருந்த கராஜ்காரர் ஒருவர் அடியில் புகுந்து பார்த்தார். பிரேக் எண்ணெயைக் கொண்டுபோகிற இரும்புக்குழாய் சக்கரத்துக்குக் கிட்டே முடிந்து, அங்கிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர்க் குழாய் இருக்கும்; சக்கரம் திரும்ப வேண்டுமே. அதைக் கழற்றி என் கையில் தந்தார். வீங்கி, பிசுபிசுத்து, நெடுநேரம் கடலில் ஊறிய விரல்போல இருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. முன்சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று; மற்ற இரண்டும் அப்படியேதான்.

“மீன் எண்ணெயா பூசுற?” என்று மெதுவாகக் கேட்டார். மச்சான் பூசுகிற சுறா எண்ணெய் என்றேன். “இரும்புக்கு அது மருந்து. ரப்பருக்கு நஞ்சு. ஒங்கட மச்சானுக்கு இதச் செல்லுங்க.”

நான் ஃபேன் பெல்ட்டை வாரத்துக்கு மூன்றுதரம் அழுத்திப் பார்க்கிறவன். ரப்பரைத் தொட்டுப் பார்க்கிற அதே விரலால் இந்த மூன்று குழாயையும் ஒருதரம் தொட்டிருந்தால் போதும். சுறா எண்ணெயின் பெருமையில் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இது வயலில் வெடிக்காமல், தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு பஸ்ஸுக்கு முன்னால் வெடித்திருந்தால்?

மச்சான் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். “என்ன நடந்த மச்சான்?”

“கல்லொண்டு அடிச்சி ஹோஸ் வெட்டுப்பட்டுட்டு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் பிள்ளை போன நாளில் பக்கத்தில் இல்லாத மனிதன், அதற்குப் பிறகு அந்தக் காருக்கு அடியில் படுத்துப் பூசியதுதான் அவர் தன் பெண்டாட்டிக்குச் செய்த ஆறுதல். அதுவே அவளைக் கொன்றிருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கராஜ்காரர் என்னைப் பார்த்துவிட்டு மீண்டும் காருக்கு அடியில் புகுந்தார்.

கொழும்பிலிருந்து புதுக் குழாய்கள் எடுப்பித்துப் பூட்டினேன். அடித்தகட்டுக்குக் கிரீஸ் பூசினேன். “இனி எண்ணெய் தேவல்ல மச்சான், கிரீஸ் போட்டிருக்கன்” என்றேன். “ஓம்” என்றார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலை நான் சுபஹுத் தொழுதுவிட்டு வரும்போது தங்கச்சிக்கு நோவு கண்டுவிட்டது. உம்மா அவளைத் தாங்கிப் பின்சீட்டில் ஏற்றினார். நான் முன்கதவைத் திறந்தேன். அந்த நாற்றம் முகத்தில் அடித்தது.

மச்சான் காருக்கு மறுபக்கம் நின்றிருந்தார். “இண்டைக்கோ நாளைக்கோ எண்டிருந்த, வெள்ளன எழும்பிப் பூசின மச்சான். தூரப் பயணம்தானே. ஒரு இடமும் உடாமப் பூசிருக்கன்.”

குனிந்து பார்த்தேன். புதுக் குழாய்களிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றி ஒன்றைத் துடைத்தேன். உம்மா உள்ளேயிருந்து கத்தினார். அதை அங்கேயே போட்டுவிட்டு ஏறினேன்.

ஒருநாள் பூச்சில் ரப்பர் இளகாது, மாதக்கணக்கில் ஊற வேண்டும். அது தலைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. அதோடு, முதல் சந்தியில் பிரேக் பிடித்துப் பார்த்தபோது கார் இடப்பக்கம் இழுத்தது. வலப்பக்கத்துப் பிரேக்குக்குள்ளேயே எண்ணெய் இறங்கியிருந்தது. இனி மட்டக்களப்புவரை கியரை நம்பித்தான் போக வேண்டும்.

வயலில் ஓடிப் பழகியதெல்லாம் அன்றைக்குத் தேவைப்பட்டது, ஆனால் வேகமாக ஓட அல்ல. ஒவ்வொரு வளைவுக்கும் நூறு யார் தூரத்துக்கு முன்பே காலை எடுத்து, கியரை இறக்கி, கார் தானாக அடங்கிய பிறகு திருப்பினேன். ஓந்தாச்சிமடத்தில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே வந்தது; இரண்டாம் கியரும் கைப்பிரேக்கும் பிடித்து, மாட்டின் வாலுக்கு இரண்டு முழம் இப்பால் நின்றேன். பின்னால் தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

“காக்கா, கொஞ்சம் கெதியாப் போங்களன்.”

“என்ன மச்சான் இது, நடந்து போற மாதிரிப் போறீங்க” என்றார் மச்சான். “வாய மூடுங்க” என்று கத்திவிட்டேன். என் வாழ்நாளில் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றைக்கு மட்டும்தான். களுவாஞ்சிக்குடியைத் தாண்டும்போது, முன்பு வாடகைக் கார் நின்ற இடத்தை நான் பார்க்கவே இல்லை. மட்டக்களப்பு வாசலில் இருக்கிற கல்லடிப் பாலத்தில் ஏறியபோதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி முற்றத்தில் வைத்துச் சொன்னேன்.

“மச்சான், அந்த எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. அண்டைக்கு வயல்ல ஹோஸ் வெடிச்சது அதாலதான். கல்லு அடிக்கல்ல.”

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். “அண்டைக்கே ஏன் செல்லல்ல?”

“ஒங்கட மனம் நோகுமெண்டு.”

“என்ட மனம் நோகாம, நான் இண்டைக்கி அவள ஏத்துற காருக்கே பூசிருக்கன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். என்னுடைய இரக்கம் எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று அப்போதுதான் விளங்கியது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தப்பிக்கொண்டதற்கு நான் இரக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

எதிர்க்கடையில் சவர்க்காரமும் ஒரு வாளியும் வாங்கிவந்தார். குழாயடியில் தண்ணீர் பிடித்து, காருக்கு அடியில் புகுந்தார். நான் உதவப் போனபோது “நீங்க இரிங்க” என்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அவர் வெளியே வரவில்லை. மூன்றே மூன்று ரப்பர்க் குழாய்கள். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

தாதி ஒருத்தி வாசலில் வந்து தங்கச்சியின் பெயரைக் கூப்பிட்டு, “பெண் பிள்ளை, தாயும் சுகம்” என்றாள். கையில் வெள்ளைத் துணிச் சுருள். “தகப்பன் ஆரு?”

நான் குனிந்து கூப்பிட்டேன். “மச்சான், பிள்ள பொறந்திட்டு. வாங்க, பிள்ளட காதுல பாங்கு செல்லணும்.”

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “கை நாறுது மச்சான். நீங்களே செல்லுங்க.”

“வாப்பா இரிக்கக்குள்ள மாமா ஏன் செல்லணும்?”

“என்னால ஏலா.”

நான் அவருடைய காலைப் பிடித்து இழுத்தேன். கட்டியிருந்த சாரம் முழுக்க நனைந்து, முகத்தில் நுரையோடு எழுந்து நின்றார். தாதியிடமிருந்து பிள்ளையை வாங்கி அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். ஆகவே நானே ஏந்திக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து அவளுடைய வலது காதில் பாங்கு சொல்லத் தொடங்கினார். பாதியில் குரல் நின்றுவிட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.