ஆற்றைத் திருப்பியவள்

அந்தப் பெண்மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. அவள் ஒரு பாட்டில் வருகிறவள்.

கிழக்கேகோட்டையில் எங்கள் தெருக் கல்யாணங்களில் ஊஞ்சலுக்கு அந்தப் பாட்டைத்தான் பாடுவார்கள். பாட்டு முழுக்க ஒருத்தி தன் வாயாலேயே தன் கதையைச் சொல்வாள். முதலில் சூரியனை நில் என்கிறாள், நிற்கிறான். அடுத்து ஆற்றை வந்த வழியே மலைக்குத் திருப்புகிறாள். பிறகு கடலை வற்றவைத்து, தொலைந்துபோன புருஷனைக் கரையேற்றுகிறாள். எனக்கு அவள் பாட்டு இல்லை, ஆள். அவள் திருப்பியது எங்கள் ஊர்க் கரமனையாற்றை, வற்றவைத்தது எங்கள் சங்குமுகத்துக் கடலை என்றே நம்பினேன். கணக்கு வாத்தியார் என் காதைத் திருகிய அன்று, அவள் வந்து அவர் குடையைப் பிடுங்கிக் காற்றில் விட்டதாகக் கதை கட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

கடைசி அடிதான் என்னைக் கொதிக்கவைக்கும். இத்தனையும் செய்தவள், புருஷன் கால் கழுவச் செம்பில் தண்ணீரோடு கதவுக்குப் பின்னால் போய் நின்று மங்களம் பாடுகிறாள். கடலையே அதட்டியவளை அங்கே நிற்கச் சொன்னது யார்?

அம்மாவிடம் கேட்டேன். அம்மா எந்தக் கல்யாணத்திலும் பாடினதில்லை. "நேக்கேதுடி குரல்" என்று ஒதுங்கிவிடுவாள்.

"மங்களம் பாடாம பாட்டை நிறுத்தப்படாது. அதுமட்டுந்தான் நேக்குத் தெரியும்" என்றாள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது தெருவுக்கே தெரியும். அடுத்த வீட்டில் பெண் பார்க்க வந்தபோது, பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு நடுவில் இருமல் வந்துவிட்டது. அபசகுனம் என்று காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

எனக்குப் பதினாலு வயதில் வரன் வந்தது. வகுப்பில் நான்தான் முதல். பரீட்சை தேறி, காலேஜுக்குப் போகவேண்டும் என்ற வெறியில் இருந்தேன். படித்தது போதும் என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்.

"இனி ஸ்கூல் மதி, கேட்டியா."

அழுதேன். பட்டினி கிடந்தேன். யாரும் மசியவில்லை. அப்போதுதான் அடுத்த வீட்டு இருமல் ஞாபகத்துக்கு வந்தது.

நாகர்கோவிலிலிருந்து வந்தார்கள். கூடத்தில் ஜமுக்காளம், சொஜ்ஜி, பஜ்ஜி. பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொழந்தைக்குப் பாட்டு அறியுமோ?" என்றாள்.

நான் ஊஞ்சல் பாட்டை எடுத்தேன். சூரியனை நிறுத்தினேன். ஆற்றைத் திருப்பினேன். கடலை வற்றவைத்தேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.



"மங்களத்தைப் பாடு" என்றார் அப்பா. நான் ஜமுக்காளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பாடுடீ!" என்று உறுமினார். அசையவில்லை. பிள்ளையின் அம்மா முகம் சுண்ட, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் விட்ட இடத்தில், விட்ட சுருதியிலேயே எடுத்து, செம்பும் தண்ணீருமாக, கதவோரமாக, மங்களம் வரைக்கும் பிசிறில்லாமல் பாடி முடித்தது. அப்படி ஒரு குரலை எங்கள் தெருவில் நான் கேட்டதே இல்லை.

எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள். "குரல் பரம்பரையாக்கும்! இனி என்ன யோசிக்கறது?" என்றாள். அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

நான் அடுக்களைக்கு ஓடினேன். அம்மா கதவுக்குப் பின்னால், வந்தவர்களுக்குக் கொடுக்க எடுத்த தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"நேக்குத் தெரிஞ்சது அதுதாண்டி" என்றாள்.

அந்தச் சக்திக்காரி எங்கேயோ இருக்கிறாள், என்றைக்காவது எனக்காக வருவாள் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கிறாள். அத்தனை வருஷம் வாயைத் திறக்காதவள், திறந்த ஒரே ஒரு நாளில் என்னைத்தான் பிடித்துக் கொடுத்தாள்.