வெட்டாமல் பிடித்த ஜீன்ஸ்

கல்யாணம் முடிந்த புதிதில், என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ஜீன்ஸுக்கு நான் கஞ்சி போட்டேன். சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போடுகிற துணி எதுவானாலும் கஞ்சியில் முக்கி, மடிப்புக் குலையாமல் தேய்ப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பேண்ட் என்றால் முன்பக்கம் கத்தி மாதிரி ஒரு மடிப்பு வேண்டும். காய்ந்த ஜீன்ஸ் ஆள் இல்லாமலே நின்றது. அலசினதில் கஞ்சி போய்விட்டது. ஆனால் மடிப்பில் நீலம் தேய்ந்து இரண்டு காலிலும் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. அவர் அந்தக் கோடுகளோடேயே வருஷக்கணக்கில் போட்டார்.

ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவளுக்கு இது பெரிய மானக்கேடு. அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைக்க வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. நன்றாக உதறி, இடுப்பைப் பிடித்து நிழலில் தொங்கவிட்டால் பாதிச் சுருக்கம் தானாகவே போய்விடும். மிச்சத்தை லேசான ஈரத்தோடு தேய்த்தால் போதும்.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு நெய்யூர் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் மருந்து ஏற்றப் போனோம். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். எடை பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய கணக்கெல்லாம் அந்த ஜீன்ஸ்தான். தையல் போட்ட இடத்தில் அழுத்தும் என்பதால் பெல்ட் கட்டமாட்டார். பட்டனைப் போட்டுவிட்டு, "இடுப்புல நிக்கில்லா, அப்பம் பயப்படாண்டாம்" என்பார், நிற்கிறதல்லவா என்ற அர்த்தத்தில். அது வழுக்கி இறங்கினால் அன்றைக்கே மனசு விட்டுவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அதனால் திருட்டுத்தனம் செய்தேன். அவர் மத்தியானம் படுக்கும்போது பின்பக்க நடுத்தையலைப் பிரித்து, இடுப்புப் பட்டியை நடுவில் வெட்டி, முக்கால் அங்குலம் பிடித்துத் தைத்தேன். பதினாறாம் நம்பர் ஊசி, அதே மஞ்சள் நூல். தடித்த இடத்தில் மெஷின் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினேன். பின்பக்கம் தொளதொளவென்று விழுந்த சுருக்கமும் போனது. உள்ளே மிஞ்சின துணியை வெட்டியெறிவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை. வெட்டினால், இவர் இனித் தேறமாட்டார் என்று நானே ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிடாதா?

இரண்டாம் தடவையும் பிடித்தேன். மூன்றாம் தடவை பிடித்தபோது பின்பாக்கெட்டுகள் இரண்டும் அநேகமாக ஒட்டிக்கொண்டன. அவர் வழக்கம்போல, "நிக்கில்லா" என்றார். அப்பாடா என்றிருந்தது.

கர்த்தர் கைவிடவில்லை. மருந்து முடிந்து நாலைந்து மாதத்தில் கஞ்சி போய்ச் சோறானது, சோறோடு மீனும் சேர்ந்தது. ஒருநாள் காலையில் ஜீன்ஸ் பட்டன் மாட்டவில்லை. நான் திருதிருவென்று விழித்தேன்.

"ஏட்டி, பிடிச்சத இனி விட்டுத் தாயேன்" என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். முதல் தடவையே தெரியுமாம். பர்ஸ் வைக்கப் போன கை, நடுவுக்கு நகர்ந்துவிட்ட பாக்கெட்டைத் தேடியதாம்.

"அது நிக்கணும்னு நீ கெடந்து பாடுபட்ட. நிக்கலன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

நான் அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அவர் என்னைத் தேற்றியிருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்றைக்கே எல்லாத் தையலையும் பிரித்தேன். பட்டியில் ஒரு சின்னத் துண்டு வைத்து இணைத்தேன். மடிப்புக்குள் இருந்த துணி வெளுக்கவில்லை. பின்பக்கம் நடுவில் கருநீலமாக ஒரு பட்டை தெரிந்தது. சாயம் போட்டுச் சரிபண்ணித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம். முன்னால உள்ள ரெண்டு கோடும் நீ போட்டதுதான. இதும் கெடக்கட்டு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் ஆராதனைக்கு வந்தார். நான் வேண்டுமென்றே, அந்தக் கருநீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பின்னால் நடந்தேன்.