டி டிரைவில் அவர் எழுதி வைத்தது

இது நடந்தது முந்தின வருஷம், வைகாசி மழை தொடங்கிய நாட்களில். ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நானும் என் மகளும் இருக்கிறோம். என் கணவர் மாரடைப்பில் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அவர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். விடியற்காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் போனால், ரப்பர் பால் நிறுத்து முடித்து வீடு வரப் பின்னேரம் ஆகிவிடும். மகளின் படிப்புக்கென்று, கேகாலையில் ஒரு கந்தோரில் ஆபீஸ் வேலைக்கு ஆகாதென்று கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அந்தப் பெட்டியைப் பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். மகளுக்கு என்பதெல்லாம் பேருக்குத்தான். குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாரென்றால் சோறு ஆறிப்போகும்வரை எழும்ப மாட்டார்.

தமிழில் டைப் அடிக்க பஸாரில் யாரிடமோ கேட்டுப் பழகிக்கொண்டார். எந்தக் கீயில் எந்த எழுத்து என்று மறந்துபோகாமலிருக்க, கடுதாசியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, தன் கையாலேயே தமிழ் எழுத்துகளை எழுதி, கீபோர்ட் முழுக்க டேப் போட்டு ஒட்டினார். அடிப்பது இரண்டே விரலால். கோழி கொத்துகிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் குருணை தூவவா என்று நான் கேலி பண்ணுவேன். அப்படி என்னதான் எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பழசையெல்லாம் எழுதி வைக்கிறேன். முடிச்சிட்டு மொதல்ல ஒனக்குத்தான் வாசிக்கத் தருவேன்" என்றார்.

சரி, முடியட்டும் என்று விட்டுவிட்டேன். முடிக்காமலே போய்விடுவார் என்று நான் எங்கே கண்டேன்.

அவர் போன பிறகு அந்தக் கம்ப்யூட்டரை ஒரு பழைய சேலையால் மூடி வைத்தேன். பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் மகள் உயர்தர வகுப்பில் தகவல் தொழில்நுட்பமும் ஒரு பாடமாக எடுத்திருந்தாள். அவள் போட்டுப் பார்த்தபோது அது பாதிவரை வந்து, நீல நிறமாகி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. என்ன செய்தும் அதே கதை.

பஸாரில் போன் பழுது பார்க்கிற ஒரு சிங்களப் பொடியன் இருக்கிறான். கம்ப்யூட்டரும் பார்ப்பான். நான் அவனைத் தம்பி முறையில் மல்லி என்பேன், அவன் என்னை அக்கா முறையில் அக்கே என்பான். பெட்டியைக் கொண்டுபோக வழியில்லை. ஃபெக்டரிக்குக் கீழே பாதையில் மண் சரிந்து, த்ரீவீல்கூட மேலே வரவில்லை. நான் மட்டும் நடந்துபோய் விஷயத்தைச் சொன்னேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகும் என்று ஒரு பென் டிரைவில் ஏற்றித் தந்து, மகள் செய்ய வேண்டியதையெல்லாம் சிங்களத்தில் சொல்லி அனுப்பினான். நான் அவனிடம் திருப்பித் திருப்பி ஒன்றைத்தான் கேட்டேன். டி டிரைவில் என் வீட்டுக்காரர் எழுதியது இருக்கிறது, அது போய்விடுமா? அவனும் சலிக்காமல் பதில் சொன்னான். "சீ எக்க விதரய் அக்கே. டீ எகட்ட அத தியன்ன எபா." சி மட்டும்தான் அழியும், டி-யில் கை வைக்காதீர்கள் என்று அர்த்தம்.

எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் சோற்றுக் குக்கரைப் போட்டால் அடுத்த வீட்டில் லைட் மங்கும். நடுவில் கரண்ட் விழுந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று மல்லி பயமுறுத்தியிருந்தான். அதனால் நான் மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாகப் போய், கொஞ்ச நேரத்துக்குக் கேத்தல், அயன் எதுவும் போட வேண்டாம் என்று கேட்டேன். ஐயா எழுதினது இருக்கிறது என்றதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கடைசி வீட்டு அக்கா அடுப்பில் விறகு வைத்தே சுடுதண்ணி போட்டாள்.

எந்த டிரைவ் என்று கேட்கிற இடம் வந்தபோது நானும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தோம். நான் முருகனைக் கூப்பிட்டேன். அவள் கீயை அமர்த்தினாள். பிறகு அது தன்பாட்டில் ஓடியது. ஒரு இடத்தில் அசையாமல் நின்று எங்கள் உயிரை வாங்கிவிட்டு மறுபடி ஓடியது. கடைசியில் பளிச்சென்று புதுத் திரை வந்தது. டி டிரைவ் அப்படியே இருந்தது. அவருடைய ஃபோல்டரும் இருந்தது. அவர் போன பிறகு நான் மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மகள் அதைத் திறந்தாள்.

உள்ளே ஒரு தமிழ் எழுத்து இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து. வாசித்தால் ஒரு சொல்லும் வராது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து, நடுவில் நடுவில் அரைப்புள்ளி. எல்லா ஃபைலும் அப்படியேதான். ஒரு பக்கத்தைப் போனில் படம் பிடித்து மல்லிக்கு அனுப்பினேன். உடனே கோல் எடுத்தான். வாசிக்க முடிகிறதா அக்கே என்று கேட்டான். முடியவில்லை என்றேன். அப்படியென்றால் வைரஸாக இருக்கும், பென் டிரைவிலும் ஏறிவிடும், பிள்ளை அதை ஸ்கூலுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் பரவும், அழித்துவிடுவது நல்லது என்றான்.

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். போனில் எல்லா மொழியும் தானாக வருகிற காலத்தில் வேலை பழகியவன். அவனுக்குத் தமிழும் தெரியாது. எனக்குத் தெரியுமே! ஒருநாள் பொறுத்திருக்கலாம், இன்னொருவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் எழுதியதை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சாவு ஆளைக் கொண்டுபோனது போதாதென்று எழுத்தையும் தின்றுவிட்டது என்று ஒரே ஆத்திரம். அழித்துவிடு என்று மகளிடம் சொன்னேன்.

"என்னால முடியாதும்மா. நீங்களே அழிங்க" என்று எழும்பிப் போய்விட்டாள்.

நானே அழித்தேன், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் எடுத்தேன். உறுதிதானா என்று அது கேட்டதற்கும் ஆம் என்று அமர்த்தினேன்.

அவருடைய முதலாம் வருஷத் திவசம் வந்தது. நினைவுக் கார்ட் அடிக்க ருவான்வெல்லைப் பஸாரில் ஒரு கொமியுனிகேஷன் கடைக்குப் போனேன். முஸ்லிம் பிள்ளை ஒன்று அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவர் பெயரையும் மற்றதையும் அடித்தாள். திரையில் அழகான தமிழ். பிறகு அதை எடுத்துப் பூப் போட்ட கார்டுக்குள் வைத்தாள். அவ்வளவுதான். தமிழ் மறைந்து அதே ஆங்கில எழுத்து, அதே அரைப்புள்ளி. நான் பதறிப்போய், ஐயோ பிள்ளை, உன் கம்ப்யூட்டரிலும் அந்த வைரஸ் வந்துவிட்டது என்றேன்.

"வைரஸ் இல்ல ஆன்ட்டி. பாமினி ஃபொன்ட் மாறல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லி எதையோ அமர்த்தினாள்.

என் கணவரின் பெயர் திரையில் தமிழில் வந்து நின்றது.

அந்தப் பிள்ளை சாதாரணமாகத்தான் விளக்கினாள். அடிப்பதெல்லாம் உள்ளே ஆங்கில எழுத்துதானாம், அதைத் தமிழாகக் காட்டுகிற இந்தப் பாமினி ஃபொன்டைக் கம்ப்யூட்டரில் தனியாகப் போட வேண்டுமாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அது சி-யோடு போய்விடுமாம். எழுதியது கெடாதாம், திரும்ப அந்த ஃபொன்டைப் போட்டால் சரியாகிவிடுமாம். அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்து தண்ணி கொண்டுவந்து தந்தாள். ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. நான்தான் அழித்தேன்.

அடுத்த நாளே பெட்டியை த்ரீவீலில் ஏற்றி மல்லியிடம் கொண்டுபோனேன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போனது. மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அழிந்ததை மீட்கப் பார்த்தான். அந்த இடத்தில்தான் இத்தனை மாதமும் மகள் பாடங்களையும் வீடியோக்களையும் நிரப்பியிருந்தாள். ஃபைல்களின் பெயர் மட்டும் வந்தது. திறந்தால் உள்ளே வெறுமை. அவன் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் எழும்பும்போதுதான் தன் போனைத் துழாவி எதையோ காட்டினான். அன்றைக்கு நான் அனுப்பிய படம். என் போனிலும் அது கிடந்திருக்கிறது, எனக்குத்தான் ஞாபகமில்லை. கொஞ்சம் சாய்ந்த படம், மேலே டியூப் லைட் வெளிச்சம் விழுந்திருந்தது. ஆனாலும் எழுத்துத் தெரிந்தது.

மகளிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. கீபோர்டைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ஒட்டிய கடுதாசித் துண்டுகள்! எஃப் மேல் க, கே மேல் ம, அரைப்புள்ளியின் மேல் ஒரு மொட்டைப் புள்ளி. எல்லாவற்றுக்கும் விடை அன்றைக்கும் எங்கள் கைக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. அதன் மேலேயே விரலை வைத்துத்தான் நான் அழித்திருக்கிறேன்.

ஃபொன்டைப் போட்டு அடிக்கலாம் என்றாள் மகள். வேண்டாம், அவர் ஒட்டினதைப் பார்த்தே வாசிப்போம் என்றேன். பௌர்ணமி, போயா லீவு நாளன்று வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். அவள் போனைப் பார்த்து ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகச் சொல்வாள். நான் அந்தக் கீயைத் தேடி, அவர் கையெழுத்தைப் பார்த்துத் தமிழ் எழுத்தைச் சொல்வேன். அவள் கொப்பியில் எழுதுவாள். பின்னேரம் ஆவதற்குள் ஒரு பக்கம் முழுதாக வந்துவிட்டது.

நாங்கள் கல்யாணம் முடித்த புதிதில் வந்த மழையைப் பற்றித்தான் எழுதியிருந்தார். காற்றில் கூரைத் தகரம் போனதாம். நான் வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு ரொட்டி சுட்டேனாம். இந்தத் தோட்டமும் வேண்டாம், இந்த லயமும் வேண்டாம், கொழும்பில் கடை வேலைக்குப் போகிறேன் என்று அவர் பையைக் கட்டினாராம். அதற்குக் கீழே கடைசி வரி இப்படி இருந்தது: "இத்தனை வருஷம் என்னை இங்கே நிற்க வைத்தது அன்றைக்கு அவள் சொன்ன ஒரு வார்த்தைதான். நான் வாசற்படியைத் தாண்டும்போது அவள்"

அந்தக் கடைசிச் சொல்லை மகள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். எம், டி, எஸ், அரைப்புள்ளி. நான் தேடித் தேடிச் சொன்னேன். அ, வ, ள, புள்ளி. அதோடு படம் முடிந்துவிட்டது.

"என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அந்த மழை எனக்கு ஞாபகம் இருக்கிறது. குடையில் ஒரு கம்பி முறிந்திருந்தது, ரொட்டி ஒரு பக்கம் கருகியது, அவர் பையைக் கட்டியது எல்லாமே ஞாபகம் இருக்கிறது. சொன்னது மட்டும் ஞாபகமில்லை. மறித்தேனா, ஏசினேனா, போங்கள் என்றேனா, ஒன்றும் தெரியவில்லை. அவர் அதை மறக்காமல் வைத்திருந்து, எனக்கு வாசிக்கத் தருவதற்கென்று இரண்டு விரலால் கொத்திக் கொத்தி எழுதி வைத்தார். நான் அதை வைரஸ் என்று அழித்தேன். ஒரு மனுஷனை ஆயுசு முழுக்க என்னோடு நிறுத்தி வைத்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்திருக்கிறது, அது என்னவென்று தெரியாமலே நான் இனி இருந்து முடிக்க வேண்டும்.